பித்துக்கு ஒரு வாசல்

(திருவெள்ளறையில் ஆவணி மாதத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



காலையில் சீக்கிரமே வந்துவிட்டேன். கூட்டம் மாலையில்தான் என்பதால் முதலில் புண்டரீகாட்சப் பெருமாளைச் சேவிக்கப் போனேன். படியேறி உள்ளே போனால், இது ஆவணி அல்லவா, தட்சிணாயன வாசல் வழியாகத்தான் சன்னதிக்குப் போக முடிந்தது. உத்தராயண வாசல் அடைத்துக் கிடந்தது. தை பிறந்தால் அது திறக்கும், இது அடைபடும். இந்த ஊர்க்காரர்களுக்கு இது பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய காரியம். வெளியூர்க்காரனான எனக்கு அங்கேயே கால் நின்றுவிட்டது. உள்ளே இருப்பவர் ஒருவர்தான். அவரிடம் போக இரண்டு வாசல். ஒன்று திறந்திருக்கிற ஆறு மாதமும் மற்றது அடைத்திருக்கும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘சொந்தத் தொழிலும் சொந்த ஆசையும்’. வீட்டில் எழுதி எடுத்துவந்த முதல் இரண்டு பக்கத்தை அந்த வாசலிலேயே மடித்துப் பையில் வைத்துவிட்டேன். நான் சுற்றி வளைத்துச் சொல்ல நினைத்ததை இந்தக் கோயிலைக் கட்டியவர்கள் கல்லில் செய்து வைத்திருக்கிறார்கள்.

நான் நாற்பது வருஷம் திருச்சியில் கணக்குத் தணிக்கை செய்தவன். சொற்பொழிவாளன் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அடுத்தவர் பேரேடு. அதனால் ஒரு பேரேட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

1980-களின் தொடக்கம். பாத்திரக் கடை வைத்திருந்த ஒருவர் என்னிடம் கணக்கு எழுதக் கொடுத்தார். பெயர் வேண்டாம், கடை இருந்த தெருவும் வேண்டாம். என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் தம்பி என்பார். குடி கிடையாது, சீட்டு கிடையாது, சினிமாக்கூடக் கிடையாது. கல்லாவிலிருந்து பத்து ரூபாய் எடுத்தாலும் துண்டுச் சீட்டு எழுதிப் போடுவார். ஆனாலும் வருஷா வருஷம் கடை இளைத்துக்கொண்டே வந்தது. ரொக்கத்தில் ஓட்டை இல்லை, வட்டியில் ஓட்டை இல்லை. எனக்குப் பிடிபடவே இல்லை.

ஒரு மார்ச் கடைசியில் சரக்கு இருப்பு எடுக்க நானே கடைக்குப் போனேன். அப்போதுதான் விளங்கியது. மனிதருக்கு வெண்கலப் பித்து. உருளி, பானை, குத்துவிளக்கு, அடுக்கு, தூக்கு. முன்பக்கம் முழுக்க அதுதான். ஊரில் கல்யாணச் சீர் எல்லாம் எவர்சில்வருக்கு மாறி வருஷக்கணக்காகிவிட்டது. அவர் கடையில் எவர்சில்வர் பின்பக்கம் படிக்கட்டுக்கு அடியில், சாக்கில் கட்டிக் கிடந்தது. வாங்க வந்த ஒரு அம்மாளிடம், “அது என்னம்மா, தகரம் மாதிரி. இதைத் தட்டிப் பாருங்க” என்று ஒரு உருளியை விரலால் சுண்டினார். நாதம் நன்றாகத்தான் இருந்தது. அந்த அம்மாள் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்.

தொழிலில் சொந்த ஆசை புகுந்துவிட்டது என்றால் நாம் எல்லோரும் கல்லாவைத்தான் பார்க்கிறோம். குதிரைப் பந்தயத்தில் விட்டான், கச்சேரி வைத்துத் தொலைத்தான் என்கிறோம். அது பெரிய ஆபத்தே இல்லை. பணம் போனால் பேரேடு காட்டிக் கொடுத்துவிடும். ரசனை உள்ளே வந்தால் பேரேட்டுக்குத் தெரியாது, ஏனென்றால் அது சரக்கு வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. ஐந்தொகையில் அந்த வெண்கலம் அத்தனையும் சொத்துப் பக்கத்தில், கௌரவமாக உட்கார்ந்திருந்தது!

(நான் மட்டும் யோக்கியனா என்றால், இல்லை. டெஸ்ட் மேட்ச் கேட்பதற்காக வாங்கிய ரேடியோவை அலுவலகச் செலவில் எழுதியவன்தான். என் சீனியர் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டார். ஒன்றும் சொல்லவில்லை.)

அந்தக் கடைக்காரரை அங்கேயே நிறுத்தி வைத்துவிட்டு வேறு சிலரைப் பார்த்துவிட்டு வருவோம்.

நம் பக்கத்தில் தொழிலையும் ஆசையையும் பிரித்து வைக்கிற கலையைக் கரை கண்டவர்கள் நகரத்தார்கள். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை போட்ட காலத்திலேயே அவர்கள் கணக்கில், முதலாளி போட்டது முதல்பணம், அதற்கு மேல் வந்து சேர்ந்தது மேம்பணம் என்று பிரித்து எழுதினார்கள். கடைக்கென்று ஒரு விலாசம் உண்டு. அது மனிதரின் பெயர் மட்டுமல்ல, முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள் கோத்த சரம். கடல் கடந்த கடையை ஏஜெண்ட் பார்த்துக்கொள்வார், தவணை முடிந்ததும் அடுத்தவர் போவார். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது மகமை. கோயிலும் தர்மமும் அந்தச் சமூகத்துக்கு எவ்வளவு பெரிய பிரியம் என்பது செட்டிநாட்டைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிரியத்தை அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கொட்டவில்லை. வியாபாரத்தில் இவ்வளவுக்கு இவ்வளவு என்று வீதம் கட்டி, பேரேட்டில் பற்று எழுதிச் செய்தார்கள். சாமிக்கே கணக்கில் ஓர் இடம் ஒதுக்கினார்கள். அதற்கு மேல் கொடுக்க வேண்டுமானால் வீட்டுப் பணத்திலிருந்து கொடுக்க வேண்டியதுதான்.

அந்தச் சமூகத்தில் பிறந்தவர்தான் கண்ணதாசன், சிறுகூடல்பட்டி முத்தையா. அவருடைய கடன் கதையை நான் சொல்லி யாரும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ‘வனவாச’த்திலும் ‘மனவாச’த்திலும் தன்னைப் பற்றித் தானே தயங்காமல் எழுதி வைத்துவிட்டுப் போனவர். மற்ற தயாரிப்பாளர்களுக்குப் பாட்டு எழுதியவரை அவர் சம்பாதித்தார். 1958-இல் சொந்தமாக ‘மாலையிட்ட மங்கை’ எடுத்தார், நன்றாக ஓடியது. என் அனுபவத்தில் முதல் வருஷ லாபம்போல மோசமான ஆலோசகர் கிடையாது. அடுத்த வருஷம் ‘சிவகங்கைச் சீமை’. மருது சகோதரர்கள் கதை. சொந்தச் சீமையின் மேலுள்ள பிரியம் ஒவ்வொரு காட்சியிலும் தெரியும். அதே 1959-இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வண்ணத்தில் வந்து நின்றது. 1960-இல் எடுத்த படத்துக்குப் பெயரே ‘கவலை இல்லாத மனிதன்’. அந்தப் படத்தால் அவருக்கு வந்த கவலை கொஞ்சமில்லை.

அவருக்குத் திறமை போதவில்லை என்று எவனும் சொல்ல மாட்டான். அடுத்தவர் கம்பெனியில் அவர் எழுதியபோது எதிரே ஒரு தயாரிப்பாளர் உட்கார்ந்திருந்தார். இந்தச் சரணம் நீளம், இது இந்தப் படத்துக்கு ஆகாது என்று சொல்ல அங்கே ஓர் ஆள் இருந்தார். தன் கம்பெனியில் அந்த நாற்காலியிலும் கவிஞரே உட்கார்ந்தார். வேண்டாம் என்று சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது. சொந்தத் தொழில் செய்யும் எவருக்கும் இதுதான் இடர். சம்பளக்காரனுக்கு மேலதிகாரி செய்கிற வேலையை, முதலாளி தனக்குத்தானே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டுமானால் கோயம்புத்தூருக்குப் போகலாம். ஜி.டி. நாயுடு 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்டியவர். பிறகு அதுதான் யு.எம்.எஸ். என்று பெரிய கம்பெனியாக வளர்ந்தது. இயந்திரம் என்றால் அவருக்கு வெறி. சவரக் கத்தி, கேமரா, மோட்டார், பருத்திச் செடி, பப்பாளி, எது கையில் கிடைத்தாலும் பிரித்துப் பார்த்து வேறொன்றாக மாற்றிவிடும் புத்தி. எப்படிச் சமாளித்தார்? யு.எம்.எஸ். பஸ்ஸுக்கு நேரம் தவறாது என்று பெயர். பயணிக்கு வேண்டியது பஸ் நேரத்துக்கு வருவது. முதலாளி அன்றைக்கு எந்தப் பொருளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறார் என்பதில் அவனுக்கு அக்கறை இல்லை. டிக்கெட் காசு சம்பாதித்தது, சோதனைச்சாலை செலவழித்தது. எந்தச் சோதனையும் பஸ்ஸின் அட்டவணையில் கை வைக்காமல் பார்த்துக்கொண்டதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. அவர் செய்ததெல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். மனிதருக்குப் பிடிவாதம் அதிகம். இந்த ஒரு விஷயத்தில் அவரைக் கும்பிடலாம்.

நாயுடுவிடம் பணம் இருந்தது, அவர் செய்யலாம் என்பீர்கள். பணம் இல்லாதவர் ஒருவரைச் சொல்கிறேன். காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூர். அங்கே ரோஜா முத்தையா, தொழில் சைன்போர்டு எழுதுவது. கடைப்பலகை எழுதிக் கிடைத்த வருமானத்தை வைத்துக்கொண்டு பழைய தமிழ்ப் புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று அச்சான காகிதத்தையெல்லாம் சேர்த்தார். 1992-இல் அவர் காலமானபோது வீடு கொள்ளாமல் இருந்தது, சுமார் ஒரு லட்சம் உருப்படி. 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. வாங்கியும் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே நூலகமாக வைத்தது. இன்று தமிழில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் தரமணிக்குப் போய் அவர் பெயரிலுள்ள கட்டடத்தில்தான் உட்கார்கிறார்கள்.

இவரைப் பற்றி நான் பலமுறை யோசித்திருக்கிறேன். இவ்வளவு புத்தகப் பித்து உள்ளவரிடம் நாலு பேராவது சொல்லியிருப்பார்கள், பேசாமல் பழைய புத்தகக் கடை வைத்துவிடு என்று. பிடித்ததையே தொழிலாக்கிக்கொள் என்பதுதானே இப்போது எல்லாப் பட்டமளிப்பு விழாவிலும் பிள்ளைகளுக்குச் சொல்லும் புத்திமதி. அவர் கடை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நல்ல புத்தகமெல்லாம் நல்ல விலைக்குப் போயிருக்கும். யாரும் வாங்காதது மிஞ்சியிருக்கும். மாதக் கடைசியில் வாடகைக்காக ஓர் அரிய பதிப்பை விற்க வேண்டியிருந்திருக்கும். கடைப்பலகை வேலை அவருடைய புத்தகங்களைக் காப்பாற்றியது. இரண்டையும் பிரித்து வைப்பது தொழிலின் நன்மைக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். என் கணக்கில், பாதிக்கு மேல் அது பித்தின் நன்மைக்கு. பிரியமான பொருளைப் பார்த்து, இந்த மாதம் எனக்கு எவ்வளவு சம்பாதித்துக் கொடுத்தாய் என்று கேட்க ஆரம்பித்துவிட்டால் அந்தப் பிரியம் எத்தனை நாள் நிற்கும்?

இதுவரை சுலபம். இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். தூத்துக்குடி.

1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாகிறது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய், இருபத்தைந்து ரூபாய் வீதம் நாற்பதாயிரம் பங்கு. தலைவர் பாண்டித்துரைத் தேவர், மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட அதே தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே எட்டாயிரம் பங்கு எடுத்தார், இரண்டு லட்சம் ரூபாய். ஊர் ஊராக அலைந்து மிச்சப் பங்கை விற்றது வ.உ. சிதம்பரம் பிள்ளை. முதலில் வாடகைக் கப்பல்; வாடகைக்குக் கொடுத்தவர்களை எதிராளி கலைத்த பிறகு காலியா, லாவோ என்று சொந்தக் கப்பலே வந்துவிட்டது. எதிராளி பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன். அவர்கள் தூத்துக்குடி–கொழும்புக் கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் சும்மாவே ஏறிக்கொள், ஒரு குடையும் தருகிறோம் என்றார்கள் என்று சொல்வார்கள்.

அந்த மாதிரி விலைச் சண்டையில் எந்தத் தொழிலுக்கும் முதலாளியின் முழு நேரமும் வேண்டும். 1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம். முன்னால் நிற்பது வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். வேலைநிறுத்தம் ஜெயித்தது. மார்ச் 12-ஆம் தேதி கைது. ஜூலை 7-ஆம் தேதி வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை. பிறகு மேல்முறையீட்டில் குறைந்தது. அவர் வெளியே வந்தது 1912 டிசம்பரில். வருவதற்கு முன்பே, 1911-இல், கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள். காலியாக் கப்பலை வாங்கிக்கொண்டது யார்? அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி.

இவர் அரசியலைக் குறைத்துக்கொண்டு கம்பெனியைப் பார்க்கக் கூடாதா என்ற முணுமுணுப்பு கம்பெனிக்குள்ளேயே இருந்தது. நான் அங்கே தணிக்கையாளனாக இருந்திருந்தால் நானும்தான் முணுமுணுத்திருப்பேன். இன்று அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாத்திரக் கடைக்கு வெண்கலப் பித்து தேவையில்லை, அது இல்லாமலும் பாத்திரம் விற்கும். சுதேசிக் கப்பலுக்கு அப்படி இல்லை. அந்தப் பித்து இல்லாவிட்டால் ஒருவரும் இருபத்தைந்து ரூபாய் கொடுத்திருக்க மாட்டார்கள். அதைப் பிரித்து எடு என்பது, நெய்து முடித்த சேலையிலிருந்து பாவு நூலை மட்டும் உருவச் சொல்வது மாதிரி. எஞ்சுவது சேலையாக இருக்காது.

ஆனாலும் கணக்குக்காரன் புத்தி விடமாட்டேன் என்கிறது. அந்தப் பங்குப் பதிவேட்டை மனசுக்குள் புரட்டிப் பார்க்கிறேன். சுயராஜ்யத்துக்காகக் கொடுத்தவர்களும் அதில் இருப்பார்கள். வட்டியைவிட அதிகம் கிடைக்கும் என்று கொடுத்த வியாபாரிகளும் இருப்பார்கள். ஒரே பதிவேடு, ஒரே விலை, இரண்டு விதமான பணம். முதல் வகையினர் பணம் போனதற்கு அழ மாட்டார்கள். இரண்டாம் வகையினருக்கு, நீங்கள் எந்த வாசல் வழியாக வருகிறீர்கள் என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். பித்தில் பிறந்த தொழில் செய்யலாம். அதில் பணம் போடுகிறவரிடம், இது பித்து என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிதம்பரம் பிள்ளை எதையும் ஒளித்தவர் இல்லை. அவரே தன் கைப்பொருளையும் வக்கீல் தொழிலையும் இழந்து நின்றவர். இன்று கூட்டாளி பணத்திலும் வங்கி ஓவர்டிராப்ட்டிலும் ஆசையை வளர்த்துவிட்டு, விழுந்ததும் வ.உ.சி. பெயரைச் சொல்லுகிற சிலரைப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இவ்வளவு நேரம் இதில் நின்றேன்.

இந்த ஊருக்கே திரும்புவோம். எங்களாழ்வான் வாழ்ந்த ஊர் இது. காஞ்சிபுரத்திலிருந்து வரதன் என்ற பிள்ளை அவரிடம் பாடம் கேட்க வந்து கதவைத் தட்டினான். யார் என்றார். நான்தான் வரதன் என்றான். நான் செத்த பிறகு வா என்று அனுப்பிவிட்டார். பிள்ளை பயந்து போய் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்க, ‘நான்’ என்று சொல்லாதே, ‘அடியேன்’ என்று சொல் என்றார்கள். திரும்பி வந்து அப்படிச் சொன்னான், கதவு திறந்தது. அந்தப் பிள்ளைதான் நடாதூர் அம்மாள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு, அபசாரமாக நினைக்காதீர்கள், கடைக் கதவு ஞாபகம் வரும். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது உள்ளே நுழைகிறவன் யார்? எனக்குப் பிடித்தது, எனக்குப் பிடிக்காதது, என் சாதிக்காரன், என் பழைய பகை, அத்தனையும் சேர்ந்த ‘நான்’ நுழைந்தால் கடை அன்றைக்கு வேறு மாதிரி நடக்கும்.

இந்த ‘நான்’ வேறு, கடை வேறா என்ற கேள்வி நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. இங்கிலாந்தில் ஆரன் சாலமன் என்று செருப்புத் தொழில் செய்தவர் இருந்தார். தன் தொழிலைக் கம்பெனியாக்கினார். 20,007 பங்கில் 20,001 அவருடையது. கம்பெனி நொடித்தபோது, கம்பெனி வேறு இவர் வேறா என்று வழக்கு வந்தது. வேறுதான் என்று 1896-இல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. கடன்காரரிடமிருந்து தப்பிக்கிற வழி என்றுதான் இந்தத் தீர்ப்பை நம் வியாபாரிகள் பயன்படுத்துகிறார்கள். நம் பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலில் முதல் சில பாடங்களுக்குள்ளேயே வணிகத் தனித்தன்மைக் கருத்து என்று ஒன்று வரும். கடைக்காரன் வேறு, கடை வேறு. அவன் போட்ட முதல், கடை அவனுக்குத் தர வேண்டிய கடன். அவன் எடுத்தது எடுப்பு. பதினாறு வயதுப் பிள்ளைக்கு இது மனப்பாடம். அறுபது வயதுக் கடைக்காரருக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஆறு வருஷம் பிடித்தது.

மாலை வெயில் தாழ்ந்ததும் கோயிலுக்கு வெளியே இருக்கிற கிணற்றையும் பார்த்துவிட்டு வந்தேன். தந்திவர்ம பல்லவன் காலம், சுமார் கி.பி. 800. ஆலம்பாக்கத்து விசையநல்லுழானின் தம்பி கம்பன் அரையன் வெட்டியது. அரசனின் நாலாம் ஆட்சியாண்டில் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் முடித்தான் என்று கல்வெட்டு சொல்கிறது. வெட்டியவன் தன் பெயரை வைக்கவில்லை. அரசனின் பட்டப்பெயரால் மாற்பிடுகு பெருங்கிணறு என்றான். நாலு பக்கமும் படி, ஒவ்வொரு படி வரிசையும் ஒரு முழங்கை மடிந்தது மாதிரி வளைந்து இறங்குகிறது. ஒரு படியில் குளிக்கிறவரை இன்னொரு படியில் குளிக்கிறவர் பார்க்க முடியாது. அதனால்தான் உங்கள் ஊர்ப் பெண்கள் மாமியார் மருமகள் குளம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரே தண்ணீர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. அந்தப் பெயர் வைத்த பெண்மணி யாரோ, அவரிடம் எந்தக் கூட்டுத் தொழில்காரரும் பாடம் கேட்கலாம்.

பாத்திரக் கடைக்காரரை நிறுத்தி வைத்துவிட்டு வந்தோமே.

ஆறாவது வருஷக் கடைசியில் நான் ஒரு யோசனை சொன்னேன். அந்த வெண்கலம் அத்தனையையும் கொள்முதல் விலைக்கே உங்கள் பேரில் எடுப்பு எழுதிவிடுவோம். கொள்முதலில் கழியும், உங்கள் முதலில் குறையும். விற்பனை இல்லை, லாபமும் இல்லை. மாடியில் கொண்டுபோய் வையுங்கள், தினமும் தட்டிப் பாருங்கள். கடைக்கு அதோடு பேச்சு முடிந்தது. அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “மொத்தமாவா தம்பி?” என்றார். மொத்தமாகத்தான் என்றேன்.

இரண்டு நாள் கழித்து வண்டி வைத்து ஏற்றினார்கள். முன்பக்கம் காலியானதும் கடை பெரிதாகத் தெரிந்தது, கொஞ்சம் அசிங்கமாகவும் தெரிந்தது. படிக்கட்டுக்கு அடியிலிருந்த சாக்கைப் பையன்கள் பிரிக்க ஆரம்பித்தார்கள். அவர் பேரேட்டை என் பக்கம் திருப்பி, விவரம் எழுதுகிற இடத்தில் விரலை வைத்தார்.

“இதுல என்ன காரணம்னு எழுதணும்?”

“சொந்த உபயோகம்னு எழுதுங்கண்ணே. எடுப்புக்குக் காரணம் கேக்கறதில்லை.”

எழுதினார். எழுதி முடித்துவிட்டு, வண்டிக்காரனைப் பார்த்து, குத்துவிளக்கை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு போகச் சொன்னார்.